தண்டவாளம் போட்டவரின் மனைவியும் நானும்

சேந்தன்,

உன் கலியாண மண்டபத்தில் ஒலிவாங்கியை என் கையில் தந்துவிட்டு நீ சிரித்துக்கொண்டு நின்றாய். டெனிஷ்காரர் கலியாணங்களில் எல்லாரும் எழும்பிப் பேசுவது போல அம்மாவும் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டாய். எனக்கோ வாயில் ஒன்றும் வரவில்லை. “எல்லாருக்கும் நன்றி, சாப்பிட்டிட்டுப் போங்கோ” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். இப்போது விருந்தாளிகள் எல்லாரும் போய்விட்டார்கள். மிஞ்சிய பலகாரத்தை அப்பா அயலவருக்குக் கொடுத்து முடித்துவிட்டார். டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் எங்கள் வீடு பழையபடி அமைதியாக இருக்கிறது. அன்று சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழுது அழுது போனாலும் தமிழ் வாசிக்கப் படித்தாய். அதன் பலனை இன்று நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் சங்கத்து மலருக்கும் இதைக் கேட்டிருக்கிறார்கள். போடட்டும். உன்னைப் போல இங்கே பிறந்து, வேறெங்கோ பிறந்த ஒருவரைக் கைப்பிடித்த பிள்ளைகள் இன்னும் பலர் இருக்கிறார்கள். ஆனால் நான் எழுதுவது உனக்குத்தான்.

கலிபோர்னியாவில் படிக்கப் போன இடத்திலிருந்து மெய்யைப் பற்றி முதன்முதலில் நீ சொன்ன நாள் நினைவிருக்கிறதா? தொலைபேசியை அப்பா உரத்த குரலில் விட்டிருந்தார். “அவ சீனக் குடும்பம், ஆனா அஞ்சு தலைமுறையா அமெரிக்கா. பேர் மெய்” என்றாய். அப்பா என்னைப் பார்த்து, “சீனமோ? எங்கடை தையல் மெசினெல்லாத்தையும் கொண்டுபோன ஆக்களோ?” என்றார். நீ சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அது இந்த ஊரின் பழைய பேச்சு. நாங்கள் வேலை செய்த துணி ஆலை மூடியபோது மெசின்கள் முதலில் போலந்துக்கும் பிறகு சீனாவுக்கும் போயின. வேலை இழந்தவர்கள் முதலாளியைத் திட்டியதைவிடச் சீனரைத்தான் கூடத் திட்டினார்கள். டெனிஷ்காரரும் திட்டினார்கள், தமிழரும் திட்டினார்கள். அதற்குச் சில வருடங்களுக்கு முன்பு அதே ஆலையில் எங்களைப் பார்த்து, குறைந்த கூலிக்கு வந்து தங்கள் சோற்றைப் பறிக்கிறோம் என்று சிலர் சொன்னதை நாங்களே மறந்துபோயிருந்தோம்.

ஆனால் அவளுடைய பெயர் எனக்கு உடனே பிடித்துவிட்டது. சீனத்தில் அழகு என்று பொருளாம். எங்களுக்கு மெய் என்றால் உண்மை, உடம்பு, எழுத்திலும் ஒரு வகை. அந்த மார்கழியில் அவள் முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்தபோது இதை நீ மொழிபெயர்த்துச் சொன்னாய். அவள் வாய்க்குள் தன் பெயரைத் தமிழாகச் சொல்லிப் பார்த்தாள். நண்டுக் கறியைக் கரண்டி கேட்காமல் கையால் உடைத்துச் சாப்பிட்டாள். அப்பாவின் மனம் அந்த நண்டோடு பாதி இளகிவிட்டது. மிச்சப் பாதி மறுநாள் பிரெடெரிசியா ஸ்டேசனில் இளகியது.

படிப்பு முடிந்து நீ ரயில்பாதை வேலைக்குச் சேர்ந்திருந்த இடத்தைக் காட்ட எங்களை அங்கே கூட்டிப்போனாய். பல திசைக்கும் பாதை பிரியும் அந்த ஸ்டேசன் மேடையில், குளிர் காற்றில், உன் தண்டவாளங்களைப் பற்றி நீ பெருமையாகக் கதைத்துக்கொண்டிருந்தாய். மெய் தண்டவாளங்களைப் பார்த்துக்கொண்டே, “எங்கள் தாத்தாவின் தாத்தா இந்த வேலைதான் செய்தவர்” என்றாள். அப்பா திரும்பிப் பார்த்தார். “எங்கை?” என்று கேட்டார். அவள் சொல்லத் தொடங்கினாள். நீ தமிழில் சொல்லச் சொல்ல, ரயிலை விட்டுவிட்டு மேடையிலேயே நின்று கேட்டோம்.

அந்த மனிதர் தென்சீனத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மீசை முளைக்கும் வயதில் கப்பலேறியவர். கலிபோர்னியாவின் பனிமலைகளைக் குடைந்து ரயில்பாதை போட ஆள் தேவைப்பட்ட காலம். வெள்ளைக்காரத் தொழிலாளர் நிற்க மறுத்த இடங்களில் சீனரை நிறுத்தினார்கள். கருங்கல்லில் துளை போட்டு வெடிமருந்து வைத்தார்கள். பனிச்சரிவு ஒரு முகாமை மூடினால், அதில் இருந்தவர்களின் உடல்கள் பனி உருகிய பிறகுதான் கிடைத்தன. வேலை ஒன்று, கூலி வேறு. மற்றவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், சீனர் தங்கள் சோற்றைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கோடையில் அந்த மலை முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு முகாமுக்குப் போய் இருந்தார்கள். சண்டையில்லை, கல்லெறியில்லை. சமமான கூலி வேண்டும், அவ்வளவுதான். நிர்வாகம் மலைக்குப் போகும் அரிசியை நிறுத்தியது. பட்டினி கிடந்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

“பிறகு?” என்று அப்பா கேட்டார். அவருக்கு அந்தப் பட்டினி விளங்கியது.

பாதை முடிந்தபின் ஊருக்குப் போய்க் கலியாணம் செய்துவிட்டு அவர் மட்டும் திரும்பி வந்தார். கொஞ்சம் கையில் சேர்ந்ததும் மனைவியைக் கூப்பிடலாம் என்று இருந்தார். சேர்ந்த நேரம் பார்த்துச் சட்டம் வந்தது. சீனத் தொழிலாளர் இனி நாட்டுக்குள் வரக்கூடாது. உள்ளே இருக்கும் தொழிலாளியின் மனைவிக்கும் அதே கதவடைப்புத்தான். வெளியில் “சீனன் போக வேண்டும்” என்று ஊர்வலம் போனார்கள். சில ஊர்களில் சீனத் தெருக்களைக் கொளுத்தினார்கள், ஆட்களைக் கொன்றார்கள். அவர் சக்கரமென்டோவில் ஒரு சலவைக் கடைக்குள் ஒதுங்கிக்கொண்டார். அந்தப் பெண் கடலுக்கு அந்தக் கரையில் மாமியாரோடு இருந்தாள்.

வணிகருக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் வழி இருந்ததாம். ஆகவே அந்த மனிதர் சலவையை விட்டுவிட்டு ஒரு மளிகைக் கடையில் பங்காளியானார். பேரேடு எழுதப் படித்தார். தான் வணிகர்தான் என்று சீனரல்லாத சாட்சிகள் சொல்ல வேண்டும். பக்கத்தில் பேக்கரி வைத்துப் பாண் சுட்டு விற்ற ஜெர்மன்காரரும் அவர் மனைவியும் வந்து சொன்னார்கள். அந்தப் பெண் கப்பலில் வந்து துறைமுகத்தில் விசாரிக்கப்பட்டு வெளியில் வந்தபோது தலையில் நரை விழுந்திருந்தது. அவர் அவளை அடையாளம் கண்டாராம். அவள்தான் அவரை அடையாளம் காணவில்லை, அவ்வளவு மாறியிருந்தார். மெய் இதைச் சொல்லிச் சிரித்தாள். அவர்கள் வீட்டில் இதைச் சிரித்துத்தான் சொல்வார்களாம்.

அந்த வயதில் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். அந்த நாட்களில்தான் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த சீனச் சமையற்காரர் ஒருவர், ஊருக்குப் போய்த் திரும்பியபோது கப்பலை விட்டு இறங்க விடாமல் தடுக்கப்பட்டு, நான் இங்கே பிறந்தவன் என்று வழக்காடி, நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் வென்றிருந்தார். அங்கே பிறந்த பிள்ளை அந்த நாட்டுப் பிள்ளை என்று தீர்ப்பானது. துரத்தச் சட்டம் போட்ட நாட்டில், துரத்தப்பட வேண்டியவரின் மகன் தொட்டிலிலேயே குடிமகன். மெய்யின் தாத்தா அந்த மகனின் மகன்.

அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அப்பா, “இனிமேல் இந்த வீட்டிலை சீனன் வேலையைக் கொண்டுபோனவன் எண்ட கதை வேண்டாம்” என்றார். அந்தக் கதையைச் சொன்னவரே அவர்தான்.

ஸ்டேசன் மேடையில் மெய் கதை சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்து, “நீங்கள் எப்படி வந்தீர்கள்?” என்று கேட்டாள். “பிளேனில்” என்று சொல்லித் தப்பிவிட்டேன். உனக்கும் நான் அதை முழுதாகச் சொன்னதில்லை. மறைத்ததல்ல. நீ கேட்கும் வயதில் உனக்குத் தமிழ் போதாது, எனக்கு டெனிஷ் போதாது. இப்போது கேள்.

எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருடம் ஆகுமுன்பே அப்பா இலங்கைப் போரிலிருந்து உயிர்தப்பி இங்கே வந்துவிட்டார். அகதியென்று ஏற்றுக்கொண்டார்கள். அகதிக்குத் தன் மனைவியை அழைக்கும் உரிமையைச் சட்டமே கொடுத்திருந்தது. அவர் விண்ணப்பித்தார். நான் யாழ்ப்பாணத்தில் பெட்டியை அடுக்கிவிட்டு இருந்தேன். பதில் வரவில்லை. பிறகு இந்திய ராணுவம் சண்டைக்கு இறங்கியது. கோயில் மண்டபத்தில் நூற்றுக்கணக்கான சனத்தோடு படுத்திருந்தேன். உன் அம்மம்மா அந்தப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, “இண்டைக்கோ நாளைக்கோ கூப்பிடுவான்” என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தா. அடுத்த பாயில் படுத்திருந்த புவனேசின் புருசனும் டென்மார்க்கில்தான். அவளும் என்னைப் போலப் பதிலுக்குக் காத்திருந்தவள். மண்டபத்துக்குப் பக்கத்தில் விழுந்த செல் குண்டு அவளைக் கொண்டுபோனது. இதை நான் விரித்து எழுதப்போவதில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

இங்கே அப்பா துணி வெட்டும் மேசையில் நின்றார். எங்கள் ஆட்கள் வேலைக்கு வந்தபோது ஆலைக்குள் முணுமுணுப்பு இருந்தது என்று சொன்னேனே, அதை அடக்கியவர் தொழிற்சங்கப் பிரதிநிதி இங்கர். ஒரு நாளைக்கு எட்டாகக் குறைக்கப் பார்த்த சிகரெட்டுக்கும் காப்பிக்கும் நடுவில் வாழ்ந்த பெரிய உருவப் பெண்மணி. “ஒரே மேசை, ஒரே கூலி. ஒருவனுக்குக் குறைத்தால் நாளை எல்லாருக்கும் குறைப்பார்கள்” என்று அவர் கூட்டத்தில் சொன்னதாக அப்பா சொல்வார். பனிமலையில் பட்டினி கிடந்து கேட்டும் கிடைக்காதது, உன் அப்பாவுக்கு முதல் சம்பளத்திலேயே கிடைத்தது. அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்க ஒருவர் இருந்தார், அதுதான் வித்தியாசம்.

ஒருநாள் காப்பி நேரத்தில் இங்கர், “உன் மனைவி எங்கே?” என்று கேட்டிருக்கிறார். அப்பா தன் அரைகுறை டெனிஷில், “காத்திருக்கிறா” என்றாராம். “எதற்கு?” என்று கேட்டவர் அதோடு விடவில்லை. இங்கர் விசாரித்தார். வக்கீலைப் பிடித்தார். அப்போதுதான் தெரியவந்தது, அப்பாவுக்கு மட்டுமல்ல, எந்தத் தமிழருக்கும் பதில் போகவில்லை என்று. சட்டம் கொடுத்த உரிமையைச் சட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சரே சத்தமில்லாமல் நிறுத்திவைத்திருந்தார். அமெரிக்காவிலாவது கதவை ஊரறியச் சட்டம் போட்டுச் சாத்தினார்கள். இங்கே கதவு திறந்துதான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள்.

ஆனால் தாழ்ப்பாள் நிற்கவில்லை, சேந்தன். கேள்வி கேட்டவர்கள் ஆலையில் மட்டுமல்ல, பத்திரிகையிலும் பாராளுமன்றத்திலும் இருந்தார்கள். கோப்புகள் மறுபடி அசைந்தன. நான் வந்தேன். விமான நிலையத்துக்கு இங்கர்தான் தன் காரில் அப்பாவைக் கூட்டிவந்தார். எனக்கென்று ஒரு பெரிய கம்பளிக் கோட்டு கொண்டுவந்திருந்தார். அதற்குள் நான் இருக்கிறேனா என்று தேடவேண்டிய அளவு கோட்டு. அப்பா என்னைப் பார்த்து முதலில் சொன்ன வசனம், “பெட்டி ஏன் இவ்வளவு பாரம்?” என்பதுதான். உன் அம்மம்மா அரைமூட்டை மிளகாய்த்தூளை உள்ளே வைத்திருந்தா.

அதோடும் முடியவில்லை. நடந்தது சட்டவிரோதமா என்று இந்த நாடு தன்னைத்தானே விசாரித்தது. தமிழர் வழக்கு என்று இன்றும் டெனிஷ்காரர் சொல்கிறார்களே, அதுதான். ஒரு தை மாதம், நீ என் வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்த நாட்களில், விசாரணையின் முடிவு வெளிவந்தது. பிரதமர் பதவி விலகினார், அரசாங்கம் போனது. பிறகு அந்த அமைச்சரும் தண்டிக்கப்பட்டார். தொலைக்காட்சிக்கு முன்னால் அப்பாவும் நானும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தோம். எங்கள் நாட்டில் எங்களைக் கொன்றதற்கே எவரும் கதிரையை விட்டு எழும்பியதில்லை. இங்கே மனைவிமாரைக் காக்க வைத்ததற்கு ஓர் அரசாங்கமே எழும்பிப் போனது. அப்பா அன்று சொன்னதை இன்றுவரை விருந்தாளிகளுக்குச் சொல்கிறார்: “இவ வந்து இருக்கிறதுக்கு ஒரு கவுண்மேந்தே எழும்பி இடம்விட்டது!”

இதெல்லாம் தெரிந்த எனக்கு, உனக்கும் மெய்க்கும் மறுப்புக் கடிதம் வந்த அன்று அதிர்ச்சி வந்திருக்கக் கூடாது. வந்தது. கொமூன் நகரசபையில் பதிவுத் திருமணம் முடித்து, மெய் இங்கே வந்து வாழும் அனுமதிக்கு நம்பிக்கையோடு விண்ணப்பித்திருந்தீர்கள். நீ குசினி வாசலில் நின்று கடிதத்தைக் காட்டினாய். காரணங்கள் இரண்டு பக்கத்துக்கு இருந்தன. எனக்கு விளங்கியது ஒன்றுதான்: அவள் அங்கே இருக்க வேண்டும், நீ இங்கே இருக்க வேண்டும். “நான் இங்கை பிறந்தனான் அம்மா! இங்கை பிறந்தனான்!” என்று கத்தினாய். பிறகு அதையே டெனிஷில் கத்தினாய், யாருக்குக் கேட்கவேண்டுமோ அவர்களுக்கு. மெய் உன் பக்கத்தில் நின்று உன் கையைப் பிடித்திருந்தாள். “நான் போய் இருந்து காத்திருக்கிறேன், எங்கள் குடும்பத்துக்கு இது பழக்கம்தான்” என்றாள். பகிடியாகச் சொல்ல நினைத்துச் சொல்லமுடியாமல் போன குரல் அது.

அப்போதுதான் நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். உன் வாழ்க்கையில் உனக்கு நான் கட்டளையிட்டது மிகக் குறைவு. அன்று இட்டேன். “ஒருத்தரும் காத்திருக்கத் தேவையில்லை. அவவின்ரை தாத்தாவின்ரை பாட்டி காத்திருந்தா, நான் காத்திருந்தன், அது காணும். எங்கை சேர்ந்து இருக்க விடுறாங்களோ அங்கை போய் இருங்கோ. ஒரு அறையெண்டாலும் ஒண்டா இருங்கோ.”

அப்பா உடனே, “மல்மோ” என்றார். கடல் பாலத்துக்கு அந்தப்பக்கம் சுவீடன் நாட்டில் இருக்கும் நகரம். டென்மார்க் குடிமகன் அங்கே குடியேறினால் ஐரோப்பியச் சட்டப்படி மனைவியோடு வாழலாம் என்று வேலைத்தலத்தில் யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டு பெரிய பாலங்களையும் தாண்டி, காரின் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு, என் மடியில் இடியப்பத் தட்டுகளோடு போன அந்தப் பயணத்தை மறக்கமாட்டேன். நீ அந்த ஒற்றை அறை வீட்டிலிருந்து ஒவ்வொரு காலையும் பாலத்தைக் கடந்து வந்து டென்மார்க்கின் தண்டவாளத்தைத் திருத்திவிட்டு, மனைவியோடு சாப்பிடச் சுவீடனுக்குப் போனாய். மெய் அங்கே பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தாள். மாலையில் டெனிஷ் படித்தாள், என்னோடு தொலைபேசியில் தமிழ் படித்தாள். ஊரில் சிலர், “கலியாணமும் செய்யாமல் தூரத்திலை இருக்கினமாமே” என்று கேட்டார்கள். “பதிவெல்லாம் முடிஞ்சுது. தாலி மட்டும் இங்கை வந்து சேர்ந்து வாழுற அண்டைக்குத்தான் ஏறும்” என்றேன். உண்மையில் எனக்குள் பயம் இருந்தது. ஆனால் நீங்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறீர்கள் என்பதை நினைத்தால் நித்திரை வந்தது.

அங்கே உண்மையாகக் குடியிருந்து காட்டிவிட்டு, திரும்பிவரும் உரிமையோடு மறுபடி விண்ணப்பித்தீர்கள். பங்குனியில் ஒரு மத்தியானம் நான் முதியோர் இல்லத்தில் வேலையில் நின்றேன். ஒரு பாட்டிக்குத் தலைவாரிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. நீ இல்லை, மெய். மூச்சு வாங்கியது அவளுக்கு. “மாமி!” என்றாள். “மாமி, அவை ஓம் சொல்லிட்டினம்!”

நான் சீப்போடு நடுக் கூடத்தில் நின்று கத்திவிட்டேன். தலைவாரிக்கொண்டிருந்த பாட்டி, “யார் வென்றது?” என்று டெனிஷில் கேட்டா, காற்பந்து என்று நினைத்துக்கொண்டு. “நாங்கள்” என்றேன். அவவும் கைதட்டினா.

அதனால்தான் உன் கலியாணத்தை அவ்வளவு பெரிதாகச் செய்தேன். நாதஸ்வரம் லண்டனிலிருந்து எதற்கு என்று கேட்டாய். இதற்குத்தான். தடியூன்றி நடக்கும் இங்கரை முன்வரிசையில் இருத்தியதும் இதற்குத்தான். தாலி ஏறியபின், மெய் வீட்டு முறைப்படி நீங்கள் இருவரும் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுத்தீர்கள். அப்பா என் காதுக்குள், “பால் விடேல்லையே” என்று முணுமுணுத்தார். எண்பது தாண்டிய மெய்யின் தாத்தா ஒலிவாங்கியை வாங்கினார். தன் பாட்டியின் கதையைச் சொன்னார், நீ வசனம் வசனமாகத் தமிழாக்கினாய். கடைசியில், “இந்தக் குடும்பத்தில் காத்திருந்தவர் யார்?” என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். அந்த மனிதர் எழும்பி, இரண்டு கையாலும் ஒரு கிண்ணம் தேநீரை ஏந்திக்கொண்டு, சபையைக் கடந்து என்னிடம் வந்தார். அங்கே வயதில் மூத்தவர் அவர். முறைப்படி நான்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். குனிந்து என் கையில் தந்துவிட்டு, “பாட்டிக்கு நான் கொடுக்க முடியாமல் போனது” என்றார். அந்தப் பெண்ணுக்கும் புவனேசுக்குமாக நான் அதைக் குடித்தேன். அதற்குப் பிறகுதான் நீ ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினாய். எப்படிப் பேச்சு வரும், சொல்லு?

மகனே, சட்டம் ஒருநாள் கதவைச் சாத்தும், ஒருநாள் திறக்கும். எந்த நாட்டிலும் இதுதான். சாத்திய கதவுக்கு முன்னால் நின்று உன்னை நீ சிறுமையாக நினைக்காதே. அந்த நாடே வேண்டாம் என்று வெறுத்துவிடவும் வேண்டாம், ஏனென்றால் தாழ்ப்பாளை எடுத்தவர்களும் அந்த நாட்டவர்கள்தான். உன் தண்டவாள வேலைக்கு இப்போது ருமேனியாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்றாய். இப்போது நீ அவர்களுக்கு மேலாள். அவர்களுக்கு என்ன கூலி, வீட்டார் எங்கே என்று நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும். உனக்கு நான் தரும் புத்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் மெய் சொல்லித் தருவாள், அவள் உன்னைவிடப் பொறுமைசாலி.

நேற்று பிரெடெரிசியாவில் அவளுக்கு, இங்கே குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கும் மஞ்சள் நிறச் சுகாதார அட்டை கிடைத்ததாம். முகவரியில் உன் வீடு, அதில் அவள் பெயர். படமெடுத்து அனுப்பியிருந்தாள். அப்பா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “பேர் சரியா எழுதியிருக்கிறாங்கள்” என்று திருப்திப்பட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள். நண்டு வாங்கியிருக்கிறேன். ஒரு மணித்தியாலம்கூட ஓட்டமில்லை, நடுவில் எல்லையில்லை. ஒருவரிடமும் கேட்காமல் வாருங்கள்.

அம்மா